அப்பாசாமி அடைத்த வழி

மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் வாந்திபேதி பரவுகிறது என்று சேதி வந்தால், மலைமேல் குண்டூர் நாட்டில் முதலில் கோடரியை எடுப்பது அப்பாசாமியின் வீட்டார்தான். அந்த வேலை அவர்களுடையது. அவருக்கு முன் அவருடைய அப்பா செய்தார், அவருக்கு முன் அவருடைய அப்பா.

ஊர்க்கவுண்டர் வெற்றிலை பாக்கு கொடுத்தனுப்புவார். வீட்டின் மூத்த ஆண் ஓடையில் தலை முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு நாட்டு எல்லைக்குப் போவார். பாதை குறுகி, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் சரிவுமாக இருக்கும் இடத்தில் ஒரு மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்ப்பார். அதன் மேல் முள்ளை நெருக்கிக் கட்டுவார். வேப்பிலைக் கொத்துகளைச் செருகி, நடுவில் மஞ்சளில் நனைத்த துணி ஒன்றைத் தொங்கவிடுவார். இதற்குப் பெயர் வழியடைப்பு. கீழே நோய் தணிந்தது என்று தெரியும் வரை யாரும் மேலே வரக்கூடாது, யாரும் கீழே போகக்கூடாது. உப்பு தீர்ந்தாலும் சரி, பெற்ற மகனே வெளியே நின்றாலும் சரி. கொடுக்க வேண்டியதை ஒரு பாறையில் வைத்துவிட்டு விலகிப் போனால், மறுபக்கத்தார் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

அடைப்புக்குக் காவல் போடுவதில்லை. காவல் தேவைப்பட்டதும் இல்லை. மலையில் நடக்கிற எவரும் அந்த மஞ்சள் துணியைப் பார்த்தால் நின்றுவிடுவார்கள். ஒரு குரல் கொடுப்பார்கள், பதில் வந்தால் பேசுவார்கள், பிறகு திரும்பிப் போவார்கள். அப்பாசாமியின் அப்பா காலத்தில் ஒரு கல்யாணக் கூட்டமே பெண்ணோடு திரும்பிப் போயிருக்கிறது. துப்பாக்கி வைத்திருந்த வனக்காவலர் ஒருவர் திரும்பியிருக்கிறார். ஒரு தாசில்தாரும் திரும்பினார் என்பார்கள். அது எவ்வளவு உண்மை என்று தெரியாது.

இந்த ஒரு வேலையைத் தவிர அப்பாசாமிக்கு ஊரில் தனிப் பெருமை எதுவும் கிடையாது. சாமையும் கேழ்வரகும் விதைத்தார். நாலைந்து மிளகுக் கொடி இருந்தது. குள்ளமான ஆள், பேச்சு குறைவு, சிரிக்கும்போது மட்டும் சத்தமாகச் சிரிப்பார். மனைவி பாப்பாயி அவரைவிட அரை முழம் உயரம். ஊரார் அதைச் சொல்லிக் கேலி செய்தால், மரம் வெட்ட எட்டவில்லை என்றால் அவளைக் கூட்டிப் போவேன் என்பார். மகன் சடையன், மகள் பாவாயி. அந்தப் பெண்ணை அவர் தோளிலிருந்து இறக்கியதே இல்லை என்று பாப்பாயி குறைப்படுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு மழை பொய்த்தது. சாமை பதராகப் போனது. அந்தச் சமயத்தில் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு காளியண்ணன் என்று ஒரு மேஸ்திரி வந்தான். சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கிழக்கே போகும் ரயில் பாதை போட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்தன. மழைக்கு மண் கரைந்து தண்டவாளம் அமிழும் இடங்களில் ஜல்லி கொட்ட வேண்டும். கல்லுடைக்க ஆள் தேவை. குடும்பத்தோடு வந்தால் குடிசையும் உண்டு, வாரா வாரம் கூலியும் உண்டு என்றான். மலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இறங்கின. அவற்றில் அப்பாசாமியின் குடும்பமும் ஒன்று. இறங்கும்போது கோடரியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

குடிசைகள் ஆத்தூருக்கு மேற்கே, பாதை ஒரு கரட்டுக் குன்றைச் சுற்றி வளைகிற இடத்தில் இருந்தன. கரட்டில் புதர்க்காடு. அடிவாரத்தில் ஓடை. ஓடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கல்லுடைக்கும் களம்.

மற்றவர்கள் முதல் சில நாள் ரயிலைக் கண்டு ஒதுங்கினார்கள். அப்பாசாமிக்கு அது ஓடுவதில் அவ்வளவு ஆச்சரியம் இல்லை. அது நிற்பதில்தான் ஆச்சரியம். தண்டவாளத்தில் வேலை நடக்கும் நாளில், பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டி நடுவில் நட்டுவைப்பார்கள். அவ்வளவு பெரிய உருப்படி வளைவைத் தாண்டி வந்து, உஸ்ஸென்று மூச்சு விட்டு, அந்தத் துணிக்கு முன்னால் நின்றுவிடும். முதல் தடவை பார்த்த அன்று சாயங்காலம் பாப்பாயியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நம்ம எருதுக்கு இருக்கிற திமிர்கூட இதற்கு இல்லை, ஒரு கந்தலைப் பார்த்து நிற்கிறதே என்றார்.

அவர் பார்த்தது அவ்வளவுதான். வளைவுக்கு அப்பால், வெகுதூரம் முன்னதாகவே, இன்னொரு கேங்மேன் கொடியோடு நின்று ரயிலின் வேகத்தைக் குறைத்துவிடுவான் என்பது அவருக்குத் தெரியாது. கல்லுடைக்கும் களத்திலிருந்து பார்த்தால் அந்த ஆள் தெரியமாட்டான்.

அந்த ரயிலில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் ராஜா முகமது. முள்ளுக்குறிச்சிக்காரர். அவருடைய குடும்பத்துக்கு அங்கே கடை உண்டு. மலையிலிருந்து வரும் மிளகையும் தேனையும் அவர்கள்தான் வாங்குவார்கள். வண்டி களத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நாட்களில் அவர் எட்டிப் பார்த்து, மலைக்காரரே, குளிர் விட்டுப்போச்சா என்று கேட்பார். அடுப்புக்கு என்று ஒன்றிரண்டு கரிக்கட்டிகளைக் கீழே தள்ளிவிடுவார். பாவாயியைக் கண்டால் ஊதலை ஒருமுறை சின்னதாக இழுப்பார். அவள் காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு தரம் என்பாள்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் திருவிழாக் கூட்டம் ரயில்களில் அடைந்து வந்தது. ஒருநாள் மத்தியானம் ஒரு வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே, குடிசைகளுக்கு எதிரில் வெகுநேரம் நின்றது. ஒரு பெட்டியிலிருந்து ஒருவரைத் தூக்கி இறக்கி ஓடைக்கரை மரத்தடியில் கிடத்தினார்கள். கூட வந்த இரண்டு பேர் அவருடைய துணிகளை ஓடையில் அலசினார்கள். வண்டி போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் அந்த ஆள் இறந்தார். கூட வந்தவர்கள் உடலை ஒரு கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

குடிசைக்காரர்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் அந்த ஓடைதான்.

முதலில் ஒரு கிழவர். அடுத்து ஒரே குடிசையில் தாயும் கைக்குழந்தையும். பிறகு சடையன். காலையில் கல் சுமந்த பையன் மத்தியானம் சுருண்டு படுத்தான். மாலைக்குள் கண்கள் குழிந்து, விரல் நுனிகள் சுருங்கி, குரல் போய்விட்டது. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். பேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால் பாப்பாயி கொடுக்கவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. அவள் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்தாளோ அத்தனை வருஷமும் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசினாள்.

மேஸ்திரி காளியண்ணன் வந்து தூரத்தில் நின்று பார்த்தான். டாக்டரைக் கூட்டி வருவதாகச் சொல்லிப் போனான். திரும்பி வரவில்லை. தினமும் காலையில் சுத்தியலோடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வரும் கேங்மேனும் வருவதை நிறுத்திவிட்டான். அவன் குடியிருப்பிலும் பேதி என்று சொன்னார்கள்.

மலைக்குத் திரும்பிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வழி எப்படி இருக்கிறது என்று பார்த்துவர அப்பாசாமி போனார். ஒரு பகல் முழுக்க நடந்து, முள்ளுக்குறிச்சியில் இரவு தங்கி, மறுநாள் மலையேறினார். எல்லையில் மரம் குறுக்கே கிடந்தது. முள், வேப்பிலை, மஞ்சள் துணி. தம்பி கட்டியிருந்தான். அப்பாசாமி நின்று குரல் கொடுத்தார். தம்பி மறுபக்கம் வந்து எட்ட நின்றான்.

“அண்ணா, கிட்ட வந்துராதீங்க.”

“வரலைடா.”

“கொழந்தைங்க?”

“சடையன் போயிட்டான். பாவாயி இருக்கறா.”

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்பாசாமி, இடது பக்கம் முள் தளர்ந்திருக்கிறது, இன்னும் நெருக்கிக் கட்டு என்றார். தம்பி எழுந்து கட்டினான். ஒரு மூட்டை சாமையைப் பாறையில் வைத்துவிட்டு விலகிப் போனான். அப்பாசாமி அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். மலையின் அடைப்புக்கு வெளியே தன் பெண் இருக்கிறாள் என்பதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் குடிசைக்கு வந்ததும் மூட்டையை இறக்கிவிட்டு அவர் முதலில் கேட்டது கோடரி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.

மலை தன்னை அடைத்துக்கொண்டது. நாமும் நம் இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும் என்றார். குடிசைகளுக்கு வரும் வழிகள் மூன்று. ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் வண்டித்தடத்தை அன்றே அடைத்தார். ஓடையோரம் வரும் ஒற்றையடிப் பாதையை மறுநாள் அடைத்தார். மூன்றாவது வழி தண்டவாளம். நோய் வந்தது அந்த வழியாகத்தான். எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள்.

பாப்பாயிக்கு மட்டும் சந்தேகம் இருந்தது.

“ஏனுங்க, அது மனுசனாட்டம் நிக்குமுங்களா?”

“ஒரு சிவப்புக் கந்தலுக்கு நின்னுச்சல்ல? நீயும்தான பாத்தே.”

“நிக்காமப் போயிட்டா?”

“ஓட்டறவனுக்குக் கண்ணு இருக்குது. கூட நம்ம முள்ளுக்குறிச்சிக்காரரும் இருக்கறாரு. அவருக்குத் தெரியாதா அடைப்புன்னா என்னன்னு? பாத்துட்டுத் திரும்பிப் போயிருவாங்க.”

பாவாயிக்கு அப்போது உடம்பு சுட்டது. அது பேதி அல்ல, வெறும் காய்ச்சல்தான் என்று பிறகு தெரிந்தது. அன்று அவருக்கு அது தெரியாது. அவர் பெண்ணின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அன்றைக்குச் சாயங்கால வண்டி போன பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, கரட்டிலிருந்து ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அவரோடு மூன்று பேர் சேர்ந்து உருட்டி வந்து, வளைவு முடிகிற இடத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே போட்டார்கள். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் ஜல்லியை அணைத்தார்கள். அப்பாசாமி ஓடையில் முழுகிவந்து, ஈர வேட்டியோடு முள்ளைக் கட்டினார், வேப்பிலை செருகினார். பாப்பாயியின் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து மஞ்சளில் நனைத்துத் தொங்கவிட்டார். தள்ளி நின்று பார்த்து, துணி கொஞ்சம் சாய்ந்திருந்ததைச் சரி செய்தார். குறையில்லாமல் செய்யப்பட்ட அடைப்பு. மலையில் இருந்திருந்தால் ஊர்க்கவுண்டர் பார்த்துத் தலையசைத்திருப்பார்.

விடியற்கால வண்டி வந்தபோது கரட்டின் மேல் மழைமூட்டம் இறங்கியிருந்தது. டிரைவர் பிற்பாடு கோர்ட்டில் சொன்னார்: வளைவில் திரும்பியதும் முன்னால் பச்சையாக ஏதோ தெரிந்தது, கரையோரப் புதர் என்று நினைத்தேன், மரம் என்று தெரிந்து பிரேக்கைப் போட்டபோது அது எஞ்சினுக்கு அடியில் இருந்தது.

குடிசைகளில் இருந்தவர்கள் ஊதல் சத்தத்தைக் கேட்டார்கள். அப்பாசாமி வெளியே வந்து, நிற்கப்போகிறது என்று நினைத்து நின்றார். எஞ்சின் மரத்தின் மேல் ஏறியது. ஒரு கணம் தலை தூக்கிய மாதிரி நின்று, பக்கவாட்டில் சரிந்து, கல்லுடைக்கும் களத்துக்குள் உருண்டது. பின்னால் வந்த பெட்டிகளில் ஒன்று அதன் மேல் ஏறிப் பிளந்தது. இன்னொன்று கரையில் கவிழ்ந்தது. மற்றவை தடம் புரண்டு நின்றன. பிறகு நீராவி. வெள்ளை வெள்ளையாகக் களம் முழுக்க ஆவி. அதற்குள்ளிருந்துதான் குரல்கள் வந்தன.

குடிசைக்காரர்கள் யாரும் அசையவில்லை. அதைக் கல்நெஞ்சம் என்று பேப்பர்காரர்கள் பிறகு எழுதினார்கள். அடைப்பைத் தாண்டி வந்தவர்களைத் தொடக் கூடாது, அவர்களோடு ஒரே பாத்திரத்தில் புழங்கக் கூடாது என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்தது. தொட்டால் அது குழந்தைகளுக்கு வரும். அங்கே ஏற்கெனவே புதிய குழிகள் வரிசையாக இருந்தன.

ஆவி விலகியபோது, களத்தின் ஓரத்தில், ஜல்லிக் குவியலின் மேல் ஒரு ஆள் கிடப்பது தெரிந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் வெந்திருந்தது. தண்ணீர் என்று கேட்டார். அந்தக் குரல் அப்பாசாமிக்குத் தெரியும்.

அவர் பானையை எடுத்தார். பாப்பாயி வாசலில் குறுக்கே நின்றாள். பெண் அவள் இடுப்பில் இருந்தது.

“தொட்டுட்டீங்கன்னா இந்த ஊட்டுக்குள்ள வரக் கூடாதுங்க.”

“வரமாட்டேன்.”

“எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்.”

“எனக்குந்தான்.”

அவர் பெண்ணைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார் என்று பாப்பாயி சொல்வாள். பிறகு பானையோடு களத்துக்கு நடந்தார்.

ராஜா முகமதுவின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, கையால் அள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்தார். ஒரு கண்ணால் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

“மலைக்காரரே, என்னத்தைய்யா வெச்சீங்க?”

“வழியடைச்சேனுங்க. கொழந்தைங்க சாவுது. நீங்க பாத்து நின்னுருவீங்கன்னு நெனச்சேனுங்க.”

“நிக்காதுய்யா,” என்றார் ராஜா முகமது. “அது அப்பிடி நிக்காது.” அதை விளக்கப் போகிறவர் மாதிரி கையைத் தூக்கினார். கை பாதியில் விழுந்தது.

அதற்குப் பிறகு அப்பாசாமி பானை பானையாகத் தண்ணீர் சுமந்தார். ஓடைத் தண்ணீர்தான், வேறு இல்லை. கவிழ்ந்த பெட்டியின் கதவைக் கோடரியால் பிளந்து ஆட்களை வெளியே இழுத்தார். அவர் செய்வதைப் பார்த்து மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். உச்சிப்பொழுதில் சேலத்திலிருந்து மீட்பு வண்டி வந்தபோது பிணங்களை வரிசையாக நிழலில் கிடத்தியிருந்தார்கள். ராஜா முகமதுவும் மூன்று பயணிகளும். காயம்பட்டவர்கள் நிறைய.

போலீஸ் வந்தது. கொள்ளைக்காரர்கள் வேலை என்று முதலில் நினைத்தார்கள். இல்லை, அரசாங்கத்தை எதிர்க்கிற யாரோ தூண்டிவிட்டது என்றார் ஒரு அதிகாரி. குடிசையின் ஆண்களை எல்லாம் உட்காரவைத்து அடித்தார்கள். யாருக்கும் கேள்வியே புரியவில்லை. அப்பாசாமி எழுந்து, கட்டினது நான்தானுங்க, வேற யாருமில்லீங்க என்றார். அவ்வளவு பெரிய மரத்தை ஒருத்தன் எப்படி உருட்டுவான் என்று கேட்டார்கள். உருட்டினேனுங்க என்றார். அதற்கு மேல் எவ்வளவு அடித்தும் அந்தப் பதில் மாறவில்லை.

விலங்கு மாட்டிக் கூட்டிப் போகும்போது குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாப்பாயி வாசலில் நின்றாள். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கோர்ட்டில் அவருக்கு ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்தார்கள். இளம் வயசுக்காரர், நல்ல மனிதர். காற்றில் மரம் விழுந்தது என்று சொல்லிவிடு, அதற்கு மேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கொடுத்தார். கூண்டில் ஏறியதும் அப்பாசாமி, மரம் விழவில்லை, நான்தான் வெட்டினேன் என்றார். வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரயிலைக் கவிழ்க்கவா வெட்டினாய் என்று நீதிபதி கேட்டார். இல்லை, நிற்கத்தான் என்றார். நன்றாகத் தெரிகிற மாதிரிதான் வைத்தேன், துணிகூடக் கட்டினேன் என்றார். தன் வேலையைக் குறை சொல்கிறார்களோ என்ற தோரணையில் அதைச் சொன்னார். நீதிபதி அதை எழுதிக்கொண்டார். வழியடைப்பு என்ற ஒன்று மலையில் இருக்கிறதா என்று விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். ஆனால் மலை இன்னும் திறக்கவில்லை. போனவர் மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு, யாரையும் காணாமல் திரும்பி வந்தார். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில், பாதையில் மரம் விழுந்திருந்தபடியால் மேலே செல்ல இயலவில்லை என்று இருந்தது.

ஏழு வருஷம் கடுங்காவல்.

கோர்ட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பெண் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணியை முக்காடாகப் போட்டிருந்தாள். ராஜா முகமதுவின் மனைவி அலிமா பீவி. தீர்ப்பு வந்த அன்று அவள் அப்பாசாமியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

சேலம் ஜெயிலிலும் அவருக்குக் கல்லுடைக்கும் வேலைதான் கொடுத்தார்கள். தெரிந்த வேலை என்பதால் வார்டர்கள் அவரைத் திட்டியது குறைவு. முதல் வருஷம் முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு வந்த யாரோ மூலமாக ஒரு சேதி வந்தது: மலை திறந்துவிட்டது, பாப்பாயி பெண்ணோடு ஊர் போய்ச் சேர்ந்தாள், பெண் பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சேதி இல்லை. பாப்பாயி மலைக்காய்ச்சலில் இறந்தது அவருக்குத் தெரியாது. பாவாயி சிற்றப்பன் வீட்டில் வளர்ந்ததும் தெரியாது. வெளியே யுத்தம் வந்தது. ஜெயிலுக்குள் புதிது புதிதாகப் படித்த பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் சிலர் தந்திக் கம்பியை அறுத்தவர்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள். அப்பாசாமி ரயிலைக் கவிழ்த்தவர் என்று கேள்விப்பட்டு மரியாதையோடு வந்து உட்கார்ந்தார்கள். எதற்காக என்று கேட்டார்கள். அவர் சொன்னார். அவர்கள் மெல்ல எழுந்து போனார்கள்.

விடுதலையானபோது தலை முழுக்க நரைத்திருந்தது. இருமல் இருந்தது. முள்ளுக்குறிச்சி வரை நடந்தே வந்தார். ஊரில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. வாசல்களில் வேப்பிலை தொங்கியது. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அலிமா பீவியின் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்றிப் போய் மலையேறினார்.

எல்லையில் மரம் குறுக்கே கிடந்தது.

அவர் நின்றார். குரல் கொடுத்தார். வெகுநேரம் கழித்து ஒரு பெண் குரல் யாருங்க அது என்றது. பேரைச் சொன்னார். மரத்துக்கு மேலே, வேப்பிலைக்கு நடுவில், ஒரு முகம் தெரிந்தது. பாப்பாயியின் உயரம். பாப்பாயியின் நெற்றி.

“அப்பா.”

“கிட்ட வராத கண்ணு. அங்கயே நில்லு.”

அவள் நின்றாள். அம்மா போனதைச் சொன்னாள். சிற்றப்பன் சோளக்காட்டில் இருப்பதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தப் பாறைக்குப் பொறவால ஒரு தடம் இருக்குதுங்கப்பா. யாரும் பாக்கமாட்டாங்க. நான் கையைப் புடிச்சு ஏத்திக்கறேன்.”

“எனக்கும் அந்தத் தடம் தெரியும் சாமி.”

“பொறகென்ன? வாங்க.”

“நான் முள்ளுக்குறிச்சிக்குள்ளார நடந்து வந்திருக்கறேன். வர்றப்ப அங்கதான் தண்ணி குடிச்சேன். உன்னைப் பாத்துட்டேன். தெறந்த பொறகு வாரேன்” என்றார்.

அவள் அழுதாள். அவர் அதைத் தடுக்கவில்லை. அழுது முடிக்கும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் ஒரு சட்டியில் களி கொண்டுவந்து பாறையில் வைத்துவிட்டு விலகினாள். அவர் வந்து எடுத்துக்கொண்டு, வழக்கத்தை மறக்காமல் அடைப்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இறங்கினார்.

முள்ளுக்குறிச்சியில் அவருக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான் இருந்தது. இந்த முறை அந்தத் தெருவைத் தவிர்க்கவில்லை. கடைக்கு எதிரில், மரத்தடியில் போய் உட்கார்ந்தார். அலிமா பீவி மிளகு மூட்டைகளுக்கு நடுவில் இருந்தாள். ஏறிட்டுப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். இருட்டும் வரை வியாபாரத்தைப் பார்த்தாள். கடையைச் சாத்தும்போது வாசலுக்கு வந்தாள்.

“மலைக்குப் போகலியா?”

“அடைச்சிருக்காங்கம்மா.”

“பாத்ததும் நின்னுட்டியா?”

“நின்னுட்டேனுங்க.”

“கால்ல போற மனுசன் நிக்கலாம்,” என்றாள் அலிமா பீவி. “எங்க ஊட்டுக்காரர் போனது கால்ல இல்லை.”

“இப்பத் தெரியுதுங்கம்மா.”

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சிறிது நேரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரு சாக்கையும் கொண்டுவந்து வைத்தாள். கடைக்குப் பின்னால் மூட்டை போடும் கொட்டகை இருக்கிறது, அங்கே படுத்துக்கொள் என்றாள். மன்னித்துவிட்டாளா என்று ஊரார் கேட்டபோது, தெருவில் கிடக்கிறவனை என்ன செய்வது என்று மட்டும் சொன்னாள்.

சில நாள் அந்தக் கொட்டகையில் இருந்தார். மூட்டைகளைத் தூக்கி அடுக்கினார். பிறகு அவருக்கும் பேதி வந்தது. அலிமா பீவி, தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்களை லட்சியம் செய்யாமல், கேட்ட போதெல்லாம் கொடுத்தாள். ஆனாலும் ஒரு பகல்தான் தாங்கினார். ஆற்றோரம் புதைத்தார்கள்.

மலை திறந்ததும் பாவாயி மிளகுச் சுமையோடு முதல் ஆளாக இறங்கி வந்தாள். சந்தையில் விசாரித்து, கடைக்கு வந்து நின்றாள். பேரைச் சொல்வதற்கு முன்பே அலிமா பீவி சுமையை இறக்க ஒரு கை கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பாவாயி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள்.

“பெருசா ஒண்ணும் சொல்லலை கண்ணு. எம்மவ நல்லா வளந்துட்டா, அடைப்புக்கு மேல தலை தெரிஞ்சுதுன்னாரு. அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு.”

பாவாயி ஆற்றோரம் போய்ப் பார்த்துவிட்டு, பொழுது இருக்கும்போதே மலையேறினாள்.